ரேகை மேப்பிள் கிதாருக்குப் புதுப் பூச்சு: உரிப்பதா, மேலே பூசுவதா, அப்படியே விடுவதா?

நல்ல ரேகையோடிய மேப்பிள் மேல்பலகை உள்ள ஒரு எலெக்ட்ரிக் கிதாரை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். இருட்டாக இருந்த வரி சட்டென்று வெளிச்சமாகும், பக்கத்து வரி இருண்டுபோகும். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் பிரகாசிக்கும்போது வலப்பக்கம் மங்கியிருக்கும். கொஞ்சம் திருப்பினால் அப்படியே மாறும். அசையாத பலகை அசைவது போலத் தெரியும். இந்த மரத்துக்கு இத்தனை மவுசு வந்ததே இந்த அசைவால்தான். புதுப் பூச்சு பற்றி எந்த முடிவு எடுத்தாலும், இந்த அசைவு மிஞ்சுமா மிஞ்சாதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். எந்த நிறம் என்பதெல்லாம் அப்புறம்.

நண்பர் ஒருவர் போன வாரம் தன் கிதாரைக் கொண்டுவந்தார். தேன் நிறம், மேலே நிறையக் கீறல், முழங்கை உராயும் இடத்தில் பளபளப்பு போய்விட்டது. "இதை உரித்துவிட்டு ஆழ்ந்த நீலமாக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அந்த அசைவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். சாதாரண மேப்பிளில் மரத்தின் தும்புகள் நேராக ஓடும். ரேகை மேப்பிளில் அவை அலை அலையாக நெளிந்து வளர்ந்திருக்கும். அந்தப் பலகையை அறுக்கும்போது ஓரிடத்தில் தும்பின் பக்கவாட்டு மேலே வரும், அடுத்த இடத்தில் தும்பின் முனை வரும். பக்கவாட்டு ஒளியைத் திருப்பி அனுப்பும், முனை உள்ளே வாங்கிக்கொள்ளும். கண்ணும் ஒளியும் நகர நகர இரண்டும் இடம் மாறும். சாயத்தையும் முனைதான் அதிகம் குடிக்கும். புலிவரி போன்ற ரேகை, ஆரவாக்கில் (மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி) அறுத்த பலகையில் நன்றாகத் தெரியும். மெத்தை தைத்தது போன்ற குமிழ்க் குமிழான ரேகை, ஆண்டு வளையங்களுக்கு இணைவாக்கில் அறுத்த பலகையில்தான் எடுப்பாக வரும். அது பெரும்பாலும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வளரும் பெரிய இலை மேப்பிளில் கிடைப்பது.

முதலில் தடிமனைப் பாருங்கள்

உங்கள் கிதாரில் இருக்கும் ரேகை மரம் எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். மூன்று வகை உண்டு. ஒன்று, முழுப் பலகை: ஒரே கட்டையை நடுவே பிளந்து புத்தகம் விரித்தது போல ஒட்டி, உடலின் மேல் வைத்திருப்பார்கள். தட்டையான உடலில் ஆறு மில்லிமீட்டர் அளவிலும், வளைவாகச் செதுக்கிய உடலில் நடுப்பகுதி அதைவிட இரண்டு மடங்குக்கு மேலும் இருக்கும். இரண்டாவது, வெனீர்: அரை மில்லிமீட்டரை ஒட்டிய தாள் போன்ற மரம், அடியில் ரேகை இல்லாத மேப்பிளோ வேறு மரமோ இருக்கும். மூன்றாவது வெறும் படம். ஃபெண்டர் 1990களின் நடுவில் ஜப்பானில் செய்த சில கிதார்களில் ரேகையின் புகைப்படத்தையே பூச்சுக்குள் வைத்தார்கள். அதை உரித்தால் ரேகையே போய்விடும்.

வெனீர் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ வரிசையிலும், எபிஃபோனின் லெஸ் பால் வகைகள் பலவற்றிலும் ரேகை வெனீரில்தான் வருகிறது. அழகில் குறை ஒன்றும் இல்லை. உரிப்பதற்கு இடம் தராது, அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். பிக்கப்பைச் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தப் பகுதி) சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, குழியின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். முழுப் பலகை என்றால் வெளிர் மரம் ஒரு தெளிவான அடுக்காகத் தெரியும். அளவுகோல் வைத்து அளக்கலாம். வெனீர் என்றால் பூச்சுக்கு அடியில் பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடுதான். படம் என்றால் கோடே இருக்காது, சாய்த்துப் பார்த்தாலும் வரிகள் இடம் மாறாது. குழியில் பெயின்ட் மூடியிருந்தால் ஸ்விட்ச் துளையைப் பாருங்கள். உடலின் பக்கவாட்டில் தெரியும் அடுக்கை மட்டும் நம்பாதீர்கள். வெனீரும் அதன் அடியிலுள்ள சாதா மேப்பிளும் சேர்ந்து ஒரே தடித்த பலகை போலக் காட்டும்.

இதை நான் பாடமாகக் கற்றது என் முதல் கிதாரில். நீல நிறம், பழையது வாங்கியது. 180 எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூடத் தாள் நைஸாகும்) தேய்த்துக்கொண்டே போனேன். மேல் வளைவின் விளிம்பில் திடீரென்று ஒரு நாணயம் அளவுக்கு வரிகள் மறைந்து, வெறும் வெளிர் மரம் தெரிந்தது. அதன் ஓரத்தில் பசை பழுப்பாக மின்னியது. பசை இறங்கிய மரம் சாயம் பிடிக்காது; எத்தனை முறை தடவினாலும் அந்த இடம் தேமல் மாதிரி தனியாக நின்றது. கடைசியில் முழுவதும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். இன்றும் அது நன்றாகத்தான் ஒலிக்கிறது. ஆனாலும் அந்த ரேகையை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

அப்படியே விடுவது

கீறலும் மங்கலும் மட்டும்தான் குறை என்றால், பெரும்பாலும் பூச்சின் மேல்தோல்தான் அடிபட்டிருக்கும். தொழிற்சாலையில் பூசும் பாலியெஸ்டர், பாலியூரிதேன் பூச்சுகள் கெட்டியானவை. தேய்த்து மெருகேற்ற இடம் கொடுக்கும். 1500, 2000 எண் தாள்களை ஈரமாக்கி மெதுவாகத் தேய்த்து, அப்புறம் கார் பாலிஷ் போன்ற ஒரு தேய்ப்புக் களிம்பால் மெருகேற்றினால், பாதி கிதார்களுக்கு அதுவே போதும். திருகாணித் துளைகளில் தண்ணீர் இறங்கவிடாதீர்கள். மரம் ஊதி, துளையைச் சுற்றிப் பூச்சு விரிசல் விடும். எங்காவது சில்லுப் பெயர்ந்திருந்தால் மெல்லிய சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பி, காய்ந்த பின் மட்டம் செய்யலாம்.

பழைய, மதிப்புள்ள கிதார் என்றால் இதைத் தவிர வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். கிப்ஸன் லெஸ் பால் 1952இல் வந்தபோது மேப்பிள் மேல்பலகை முழுவதும் தங்க நிறப் பெயின்ட்டுக்கு அடியில் இருந்தது. 1958இல்தான் மரம் தெரியும் செர்ரி சன்பர்ஸ்ட்டுக்கு (நடு வெளிர்ந்து, ஓரம் கருத்துப் போகும் பூச்சு) மாறினார்கள். அந்தக் காலச் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் நிற்காது; 1958 முதல் 1960 வரை வந்த பல கிதார்களில் சிவப்பு கரைந்து, இன்று தேன் நிறமாகவும் எலுமிச்சை மஞ்சளாகவும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதிரி வெளுத்திருக்கிறது, அந்த வெளுப்புக்கே தனி மதிப்பு. பூச்சு மாற்றிய பழைய கிதாருக்குப் பாதி விலைதான் என்பது அவற்றை வாங்கி விற்பவர்களின் பொதுவான கணக்கு.

மேலே பூசுவது

உரிக்காமல், பழைய பூச்சின் மினுமினுப்பை 600, 800 எண் தாளால் லேசாகக் கொன்றுவிட்டு, அதன் மேலேயே ஒளி ஊடுருவும் நிறம் கலந்த லேக்கரை (காய்ந்து கெட்டியாகும் பளபளப்புப் பூச்சு) மெல்லிசாக ஸ்பிரே செய்து, கடைசியில் நிறமற்ற பூச்சுக் கொடுப்பது இந்த வழி. வெனீருக்கு இதைவிடப் பாதுகாப்பான நிறமாற்றம் கிடையாது. மரத்தைத் தொடுவதே இல்லை.

ஆனால் இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. இருக்கும் நிறத்தின் மேல்தான் புது நிறம் உட்காரும். தேன் மஞ்சளின் மேல் நீலம் அடித்தால் பச்சைதான் வரும். மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு பக்கம் போகலாம், ஓரங்களை இருட்டாக்கி சன்பர்ஸ்ட் செய்யலாம். வெளிர் நிறத்துக்குத் திரும்ப முடியாது. இரண்டாவது, நிறம் மரத்துக்கு மேலே மிதக்கும் கண்ணாடி போல நிற்கும். கனமாக அடித்தால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ரேகை மங்கிவிடும். மூன்று நான்கு மெல்லிய கோட்டுகள். போதும் என்று தோன்றுவதற்கு ஒரு கோட்டு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். கடைசியாக வரும் நிறமற்ற பூச்சு நிறத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிக் காட்டும்.

உரித்துச் சாயம் ஏற்றுவது

முழுப் பலகை உள்ளவர்களுக்கு மட்டும் இது. சரியாகச் செய்தால் இதற்கு ஈடு கிடையாது. நிறம் தும்புக்குள்ளேயே இறங்குவதால் ரேகை உள்ளிருந்து எரிவது போலத் தெரியும்.

உரிக்கும் வேலையே பெரிய வேலை. பாலியெஸ்டர் பூச்சை உப்புத்தாளால் எடுப்பது கைவலிக்கும் மரச்சேதத்துக்கும்தான் வழி. சூடான காற்று வீசும் கருவியால் ஓரிடத்தை இதமாகச் சூடாக்கி, மழுங்கிய தகட்டை அடியில் செலுத்தினால் பூச்சு சில்லுச் சில்லாகக் கழன்று வரும். ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் கருகும். கருவி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் பிளாஸ்டிக் கரைப்பட்டை ஓடுகிறது என்றால் அதன் பக்கம் சூட்டையே கொண்டுபோகாதீர்கள், அங்கே சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பெயின்ட் கரைக்கும் ரசாயனமும் அந்தக் கரைப்பட்டையைச் சேர்த்தே கரைத்துவிடும். தவிர, மெத்திலீன் குளோரைடு கலந்த கரைப்பான்களின் ஆவியால் உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் பெயின்ட் உரிக்க அதைப் பொதுமக்களுக்கு விற்கவே தடை போட்டது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பூச்சு போன பின்னும் பழைய நிறம் நிற்கிறதா என்று பாருங்கள். பல கிதார்களில் நிறம் லேக்கரிலேயே கலந்திருக்கும், பூச்சோடு போய்விடும். சிலவற்றில் மரத்திலேயே சாயம் ஏற்றியிருப்பார்கள். அது வரிகளுக்குள் இறங்கியிருக்கும். முழுவதும் எடுக்க நினைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் பலகையின் வளைவு கெட்டுவிடும். அப்படி நின்றால், அந்த நிறத்தோடு ஒத்துப்போகும் கருமையான சாயத்துக்கு மனதை மாற்றிக்கொள்வதே நல்லது.

150, 180, 220 என்று படிப்படியாகத் தேய்த்து 220இல் நிறுத்துங்கள். அதைவிட நைஸாகத் தேய்த்தால் மேப்பிள் பளிங்கு மாதிரி இறுகி, சாயத்தைச் சரியாகக் குடிக்காது. ஈரத்துணியால் துடைத்தால் தும்பு எழும்பும். காய்ந்ததும் லேசாக ஒரு தேய்ப்பு. ஈரமாக இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் பலகையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குறுக்குக் கீறல், பசைத் திட்டு எல்லாம் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து வருவது, எல்லோரும் ஆசைப்படும் கறுப்பு அடிச்சாயம். நீர்த்த கறுப்புச் சாயத்தை முழுவதும் தடவி, காய்ந்ததும் 320 எண் தாளால் தேய்த்து எடுப்பார்கள். பக்கவாட்டுத் தும்பில் இருப்பது போய்விடும், முனை குடித்தது மட்டும் வரிகளில் தங்கும். அதற்கு மேல் நீலமோ சிவப்போ ஏற்றினால் வரிகள் வெட்டியது போல எடுப்பாக நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கவும் புகைப்படத்துக்கும் அற்புதமாக இருக்கும். ஆனால் கறுப்பு ஏறிய வரி எந்தப் பக்கம் சாய்த்தாலும் கறுப்பாகவே இருக்கும், வெளிச்சமாக மாறாது. நான் ஆரம்பத்தில் சொன்ன அசைவு அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டு கிதார்களில் செய்து பார்த்த பிறகு, எனக்கு இது வேண்டாம் என்று முடிவுக்கு வந்தேன். இப்போது கறுப்புக்குப் பதில் மிக நீர்த்த பழுப்பையோ, ஏற்றப்போகும் நிறத்தின் கருஞ்சாயலையோதான் அடியில் கொடுக்கிறேன். வரி கொஞ்சம் ஆழமாகும், உயிரும் போகாது. பலகையில் ரேகை ரொம்ப மங்கலாக இருந்தால் மட்டும் கறுப்பு கைகொடுக்கும்.

ஆல்கஹாலில் கரைத்த சாயம் நொடியில் காய்வதால், ஒரு தடவல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பட்டை விழும். முதல் முறை செய்பவருக்குத் தண்ணீரில் கரையும் சாயமே ஏற்றது. நிதானமாகப் பரப்ப நேரம் தரும். வெளிச்சத்தில் அதிகம் நிற்கும் உலோக அணைவுச் சாயங்கள் (metal complex dyes) கிடைத்தால் அவற்றையே எடுங்கள். லெஸ் பாலின் சிவப்புக்கு என்ன ஆனது என்பது நினைவிருக்கட்டும்.

மேலே எந்தப் பூச்சு?

எண்ணெய்ப் பூச்சு ரேகையை மிக ஆழமாகக் காட்டும். ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், துப்பாக்கிக் கட்டைகளுக்கென்று வந்து கிதார்க்காரர்களிடம் பிரபலமான ட்ரூ ஆயில், மூன்றுமே துணியால் தடவுபவை. ஸ்பிரே வேண்டாம், தனி அறை வேண்டாம். முந்தையது காய்ந்த பின் அடுத்தது என்று எட்டுப் பத்து மெல்லிய கோட்டு கொடுத்தால் மென்மையான பளபளப்பு வந்துவிடும். அடி தாங்காது, ஆனால் அடிபட்ட இடத்தில் மறுபடி தடவிக்கொள்ளலாம். மஞ்சள் சாயல் தரும். தேன், பழுப்பு நிறங்களுக்கு அழகு, நீலத்துக்குக் கெடுதல். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். கோட்டுகளுக்கு நடுவே இரும்புக் கம்பளி தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் பிக்கப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அந்தத் தூள் காந்தத்தில் ஒட்டினால் போகவே போகாது.

நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் பழைய கிதார்களின் பூச்சு. கரைப்பான் ஆவியாகிக் காய்வது. புது கோட்டு பழைய கோட்டைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், அதனால் பழுது பார்ப்பது சுலபம். மெல்லிசாக இருந்தும் ஆழம் தரும். இது கேட்பது பொறுமையை. பத்துக் கோட்டுக்கு மேல் அடித்து, மூன்று நான்கு வாரம் தொங்கவிட்டுக் காத்திருந்து, அப்புறம்தான் மெருகு. காலத்தால் மஞ்சளாகும், திடீர்க் குளிரில் விரிசல் விடும், சில ரப்பர் ஸ்டாண்டுகள் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்தவெளியில்தான் அடிக்க வேண்டும்.

இரண்டு பகுதி பாலியூரிதேன் கண்ணாடி மாதிரி நிற்கும், வியர்வைக்கும் அடிக்கும் அசையாது. ஆனால் அதன் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயைக் கெடுத்து ஆஸ்துமா வரவழைக்கும். சாதாரண முகமூடி போதாது. வெளியிலிருந்து காற்று வரும் கவசம் வேண்டும். இந்தப் பூச்சுதான் வேண்டும் என்றால் ஸ்பிரே அறை உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் அடிப்படைப் பூச்சு மஞ்சளாகாது, நீலத்துக்குப் பொருத்தம். ஆனால் நேராக மரத்தில் அடித்தால் ரேகை கொஞ்சம் உயிரற்றுத் தெரியும், மரம் நனைந்த தோற்றம் வராது. அதற்கு மருந்து மெழுகு நீக்கிய அவலரக்கு (ஷெல்லாக்). ஆல்கஹாலில் கரைத்த வெளிர் அரக்கை ஒரு மெல்லிய கோட்டு முதலில் கொடுத்தால் ரேகை விழித்துக்கொள்ளும், அதற்கு மேல் எந்தப் பூச்சும் பிடிக்கும். கீழே ஆல்கஹால் சாயம் இருந்தால் அரக்கைத் துணியால் தடவக் கூடாது, சாயம் கரைந்து இழுபடும். நான் தண்ணீர்ச் சாயத்தைச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். அரக்கை மட்டுமே கடைசிப் பூச்சாக விட்டால் வியர்வையும் சூடும் தாங்காது.

பூச்சை மாற்றினால் ஒலி மாறுமா என்று கேட்பவர்களுக்கு: கெட்டி உடல் எலெக்ட்ரிக் கிதாரில் பூச்சை மாற்றியதால் வந்த வித்தியாசத்தை என் காது ஒருமுறைகூடப் பிடித்ததில்லை. தந்தி மாற்றினால் தெரியும். ஒலியைக் காரணமாக வைத்து இந்த முடிவை எடுக்க வேண்டாம்.

நானே செய்வதென்றால், முழுப் பலகைக்குத் தண்ணீர்ச் சாயம், அதன் மேல் அரக்கு, அதன் மேல் நைட்ரோ. ஸ்பிரே வசதி இல்லை என்றால் தேன், பழுப்பு நிறங்களுக்கு எண்ணெய். வெனீர் என்றால் மெருகு மட்டும், அல்லது மெல்லிய நிறம் மேலே. படம் என்றால் மெருகு மட்டும்.

நண்பரின் கிதாருக்கு வருகிறேன். பிரிட்ஜ் (தந்திகளை உடலில் தாங்கும் பாலம்) பக்கத்துப் பிக்கப் வளையத்தைக் கழற்றி இருவரும் டார்ச் அடித்துப் பார்த்தோம். பென்சில் கோடுதான். நீலம் நடக்காது என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. குழியின் உள்விளிம்பில், வளையம் மூடும் இடத்தில், கொஞ்சம் நீல நிற லேக்கரைத் தொட்டு வைத்துக் காட்டினேன். பாசிப் பச்சை. பக்கத்திலேயே பழுப்பைத் தொட்டு வைத்தேன். தேன் நிறம் அதற்கடியில் சூடாகத் தெரிந்தது, வரிகளும் சாய்க்கச் சாய்க்க நகர்ந்தன. அவர் ரொம்ப நேரம் அந்த இரண்டு பொட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவைத் தேன் நிறமாகவே விட்டு, ஓரத்தை மட்டும் பழுப்பாக்குவதாக முடிவு. இப்போது ஒரு துண்டு வெனீர் பலகையில் வார்னிஷ் அடித்து, ஓரம் எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே கரைய வேண்டும் என்று ஸ்பிரே பழகிக்கொண்டிருக்கிறார்.